முடிச்சிட்டுப் போங்க

இரண்டு நிமிடத்துக்கு முன்புதான் பிறந்த மெஷினுக்குள் ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.

அனுசியா திரையை மறுபடியும் படித்தாள். பயனர்: ஆஸ்டின்.

மேற்கு மலையிலிருந்து இறங்கிய மேகம் ராஜபாளையத்து நாலு மணி வெயிலை மெல்ல மூடிக்கொண்டு வர, தூரத்து மில்லின் இரைச்சலும், ஜன்னல் வழியே வந்த ஈரமண் வாசமும், சுவரில் நீண்டுகொண்டிருந்த அவளுடைய நிழலும் சேர்ந்து அந்த மாடி அறை என்றுமில்லாமல் கனத்தது.

அவளுக்குக் கீழே வேலை பார்த்த ஆஸ்டின் கட்டிய பழைய இமேஜை, மெஷின்களை வார்த்தெடுக்கும் அந்த மூல அச்சை, அவள் தொடவே இல்லை. லினக்ஸின் அடிப்படைப் பதிப்பைப் புதிதாக இறக்கி, கம்பெனிக்கு வேண்டியதை மட்டும் சேர்த்து, தன் கையாலேயே புது இமேஜ் கட்டியிருந்தாள். அதிலிருந்து இணையத்தில் எங்கோ ஓடும் கிளவுட் மெஷின்களை எத்தனை எழுப்பினாலும் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். ஆஸ்டினின் பெயர் அதற்குள் நுழைய வழியே கிடையாது. அவர் இறந்து ஐந்து வாரம் ஆகிறது.

அழித்தாள். முதலிலிருந்து கட்டினாள். இம்முறை பத்து மெஷின்களை எழுப்பினாள்.

பத்திலும் ஆஸ்டின்.

போன் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எப்சி, ஆஸ்டினின் மனைவி.

"அக்கா, நாளைக்குக் கல்லறைக்குப் போகணும்னு எங்க மாமியார் கூப்பிடுதாவ. எனக்கு அவர் மேல உள்ள கோவம் போகவே மாட்டேங்கு. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியும் போகலியே மனுசன். நெசமாவே சொன்னீங்கள்லாக்கா?"

இறந்த அன்று அவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். "நெஞ்ச அடைக்கிக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரட்டா?" என்று போனில் கேட்டார்.

"பால்கோவாவ அம்புட்டையும் ஒத்தையில தின்னா அடைக்கத்தான் செய்யும்" என்று அனுசியா சிரித்தாள். "இமேஜ் இன்னைக்குப் போயாகணும் ஆஸ்டின். முடிச்சிட்டுப் போங்க."

முடித்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்த எப்சி, மேசைமேல் கவிழ்ந்து கிடந்தவரைத்தான் பார்த்தாள்.

இப்போது சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். அனுசியா வாயைத் திறந்தாள்.

"சத்தியமாச் சொன்னேன் எப்சி. அவர்தான் கேக்கல."

திரையில் திறந்திருந்த பத்துக் கட்டங்களிலும் எழுத்துகள் தாமாக விழுந்தன.

முடிஞ்சிருச்சுக்கா. இப்ப போகட்டா?

'போங்க' என்று அடித்தாள். விழவில்லை. மறுபடி அடித்தாள். ஓர் எழுத்துகூட இல்லை.

இப்ப போகட்டா?

மில் இரைச்சல் நின்றிருந்தது. ஒரு மூச்சு. இழுத்து, இழுத்து. அறைக்குள்.

"யாருக்கா அது?" எப்சியின் குரல் மாறியிருந்தது. "ஒங்க பின்னால நின்னு போகட்டான்னு கேக்கது யாரு?"

அனுசியா திரும்பவில்லை. பிடரியில் சில்லென்று பட்டது.

"ஆஸ்டின்?" என்றாள் எப்சி, மிக மெதுவாக.

அனுசியாவின் காதை ஒட்டி ஒருவர், "ம்" என்றார்.