தமிழில் அறிவிப்பு இல்லை

பிரேமலா மைக்கைத் திறக்கும்போதெல்லாம் மேலே அந்தக் கீச்சுச் சத்தம் நின்றது. மூடியதும் மறுபடி தொடங்கியது.

காலையிலிருந்து அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆறு வருடம் பூட்டிக் கிடந்த அந்த ராட்சதப் பேரங்காடிக்கு இன்று மறுதிறப்பு. பாலம் தாண்டி வந்த சிங்கப்பூர்க் கூட்டமும் ஜொகூர் பாரு கூட்டமும் முண்டியடிக்க, புதுச் சாயத்தின் நெடியும் பாப்கார்ன் வெண்ணெயின் வாசமும் சிங்க நடனக் கொட்டும் ஒன்றாகக் கலந்து தலையைச் சுற்றவைத்தன. அத்தனைக்கும் அடியில், காலை வைத்தால் கீச்சிடும் குழந்தைச் சப்பாத்தின் அந்தச் சத்தம், பலகை அடித்து மூடிய மூன்றாவது மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தது.

"மூணாவது மாடியில யாராச்சும் வேலை செய்றாங்களா?" என்று சூப்பர்வைசர் ஜாக்லினிடம் கேட்டாள்.

"அங்க யாரு இருக்கா? கரண்டே இன்னும் கொடுக்கல லா. பழைய வயர்ல ஸ்பீக்கர் மட்டும்தான் பேசுது. நீ மைக்கைப் பாரு, உன் மகளையும் பாரு. பாஸ் வந்தா எனக்குத்தான் திட்டு."

மகள் லோஷினிக்கு ஐந்து வயது. பிள்ளை பார்க்கும் அக்கா இன்று கையை விரித்துவிட்டதால், அறிவிப்புக் கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

பிரேமலாவுக்கு இந்தக் கவுண்டர் புதிதல்ல. கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, மாடி மாடியாக விளக்குகள் அணைந்த காலத்திலும் இங்கே இருந்தவள்தான். பூட்டிய அந்தக் கடைசி நாளில், லாயாங் லாயாங் என்ற ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து நின்றாள்.

"மகளைக் காணோம்மா. கீச்சுச் சப்பாத்து போட்டிருக்கா. தமிழ்ல கூப்பிடுங்க, அவளுக்கு வேற பாஷை தெரியாது."

"தமிழ்ல அறிவிக்க ரூல் இல்லக்கா. திட்டுவாங்க."

பிரேமலா மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு தரம் சொன்னாள். அந்தப் பெண் இருண்டு கிடந்த மேல்மாடிகளுக்கு ஓடினாள். நான்கு மணிக்கு வேலை முடிந்து பிரேமலா வீட்டுக்குப் போய்விட்டாள். தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூரையா இடிந்து விழுந்திருக்கும்? பிள்ளை எப்படியும் கிடைத்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளே தவிர, யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மத்தியானம் பரிசுக் கூப்பனுக்குக் கவுண்டரை மொய்த்துவிட்டார்கள். பத்து நிமிடம் அவளால் தலை திருப்ப முடியவில்லை. குனிந்தபோது வண்ணப் புத்தகம் மட்டும் திறந்து கிடந்தது.

"லோஷினி?"

கழிப்பறையில் இல்லை. சிங்கத்தைச் சுற்றி நின்ற பிள்ளைகளிடையே இல்லை. ஜாக்லின் வாசல் பக்கம் ஓடினாள். பிரேமலா மைக்கைத் திறந்தாள்.

மேலே சத்தம் நின்றது.

மலாயில் மகளின் பெயரையும் வயதையும் சொன்னாள், மஞ்சள் சட்டை என்றாள். ஆங்கிலத்திலும் சொன்னாள். யாரும் வரவில்லை. மூடினாள்.

கீச்.

ரூலாவது மண்ணாங்கட்டியாவது. மறுபடி திறந்தாள். பெயர் சொல்லக்கூட மறந்து, வாயில் வந்ததைத் தமிழில் சொன்னாள்.

"தங்கம்... அம்மா இங்க இருக்கேன். அம்மாகிட்ட ஓடி வாடா."

இந்தமுறை சத்தம் நிற்கவில்லை.

ஓடியது. பலகைக்குப் பின்னால். ஓடாத எஸ்கலேட்டரில். கீச். கீச். இரண்டாவது மாடி. முதல் மாடி. கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

இல்லை. இந்தப் பக்கம்.

லோஷினி போட்டிருந்தது துணிச் சப்பாத்து. அதில் சத்தமே வராது. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சில்லென்ற விரல்கள் அவள் கையைப் பிடித்தன. சின்ன விரல்கள். சிமெண்டுத் தூசி.

"ஏம்மா இவ்ளோ லேட்டு?"

பிரேமலா குனியவில்லை. முடியவில்லை. மூன்றாவது மாடியில் ஒரு பிள்ளை அழுதது.

"அம்மா! இருட்டா இருக்கும்மா!"

லோஷினியின் குரல்.

மறு கையால் மைக்கைத் திறந்தாள். மேலே அழுகை நின்றது. காத்திருந்தது.

அவள் பேச வாயெடுக்குமுன், அந்தச் சின்னக் கை மெல்ல ஏறிவந்து மைக்கைப் பொத்தியது.