கழித்தால் சுழியம்

பூட்டிய அறைக்குள் ஒரு மணி நேரமாக யாருமே இல்லை. ஆனாலும் மேசைமேல் இருந்த குடுவையில் சுண்ணாம்பு நீர் வெளுத்திருந்தது. ஊற்றும்போது தெளிவாக இருந்ததை அவனே பார்த்தான். இப்போது பால் இரண்டு சொட்டு கலந்ததுபோல் கிடந்தது. எத்தனை பேர் மூச்சுக்கு நீர் எவ்வளவு வெளுக்கும் என்று காட்டும் சாயல் அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டான். முதல் சாயல். ஒரு ஆள்.

“என்ன சார், உள்ள ஒளிஞ்சிருந்து ஊதிட்டீங்களா?” என்றார் சாவிக்காரர். ஆய்வகத்து உதவியாளர். இடுப்பில் முப்பது சாவிகளோடு நடப்பவருக்குக் கல்லூரி முழுக்க அந்தப் பெயர்தான்.

“பூட்டினது நீங்கதானே அண்ணே.”

“அப்ப எலிதான். ஆளு கணக்கா மூச்சு விடுற எலி.”

அவன் சிரிக்கவில்லை. சிரித்து எட்டு மாதம் ஆகிறது. மனைவி இறந்தும் அத்தனை மாதம்தான்.

நாளைக் காலை பக்கத்து அரங்கில் அவன் பேச வேண்டும். எண்பது வருடத்துக்கு முன் இதே அறையில் வேலை பார்த்த விஞ்ஞானியைப் பற்றி. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மூச்சுக்காரர். சுரங்கம், கப்பலின் அடித்தளம், ஆஸ்பத்திரி வார்டு என்று மூடிய இடங்களிலெல்லாம் சுண்ணாம்பு நீர் வைத்து, அது வெளுப்பதைக்கொண்டு எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று சொன்னவர். அவர் விதி ஒன்றுதான்: அளப்பவன் அறைக்குள் இருந்தால் தன்னைக் கழித்துவிட வேண்டும். அவருடைய கடைசி நோட்டில் நாற்பது பக்கமும் இந்த அறைதான். நாற்பதிலும் விடை ஒன்று. வயதான காலத்தில் தன்னைக் கழிக்க மறந்துவிட்டார் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் எல்லாரும் எழுதிவிட்டார்கள். அவனும் அதை ஒரு வேடிக்கையாகப் பேச்சில் சேர்த்திருந்தான்.

காலி அறை, தெளிந்த நீர், விடை சுழியம். இந்த அறையில் பூட்டிவைத்த குடுவையை மேடைக்கு எடுத்துப்போய் அதைத்தான் காட்ட வேண்டும். கல்லூரி முதல்வர் முன்வரிசையில் இருப்பார். பேச்சு நன்றாகப் போனால் அவனுடைய தற்காலிக விரிவுரையாளர் வேலை நிரந்தரம். மகளைத் தன்னிடம் வைத்திருக்கும் மாமியார் போனில் தெளிவாகவே சொல்லியிருந்தாள்.

“பிள்ளையைத் தர மாட்டேன்னா சொல்றேன் மாப்பிள்ளை? இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கிற வேலையில நீங்களே அரை வயிறு. வேலை கைக்கு வரட்டும், அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.”

“சரி அத்தை.”

புதிய நீர், புதிய குடுவை. பூட்டிவிட்டுச் சாவிக்காரர் டீ குடிக்கக் கிளம்பினார். சாவியை அவன் வாங்கிக்கொண்டான். மதியம் மூன்று மணி, விடுமுறை நாள். நீண்ட தாழ்வாரத்தில் வெயில் ஜன்னல் ஜன்னலாக விழுந்திருக்க, உட்கார முடியாமல் எழுந்து, எழுந்து நிற்க முடியாமல் நடந்து, கதவருகே வரும்போதெல்லாம் கால் தானாக நின்றது. மரக்கதவில் காதை வைத்தான். உள்ளே ஏதோ மெல்ல இழுத்து, மெல்ல விட்டது. மனைவியா என்று ஒரு கணம் நெஞ்சு துள்ளியது. கடைசி வாரம் முழுக்க அவள் மூச்சில் மெல்லிய விசில் இருந்தது. இதில் இல்லை. நல்ல ஆரோக்கியமான மூச்சு.

நான்கு மணிக்குத் திறந்தான். வெள்ளை. ஒன்று.

நாளை மேடையில் இப்படி ஆனால் எல்லாம் போச்சு. நீர்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்தே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான். யாராவது இருந்தால் இரண்டு வரும். இல்லையென்றால் ஒன்று.

மூன்றாவது குடுவை, மறுபடி புதிதாகக் கலக்கிய நீர். கதவை உள்ளிருந்து பூட்டினான். பழைய ரப்பர் குழாயின் வாடை, சுண்ணாம்பின் காரம், அலமாரிக்குப் பின்னால் ஈரச் சுவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் வழக்கம்போல் முழங்கால் ஆடத் தொடங்கியது. இரண்டு மூச்சுகள் கேட்டன. தன்னுடையது வேகமாக, மற்றது நிதானமாக, தோளுக்குப் பின்னால். திரும்பினான். சுவர். மறுபடி உட்கார்ந்தான். வேகமான மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக நிதானமானதோடு சேர்ந்தது. பிறகு ஒன்று மட்டுமே கேட்டது. எதிரொலிதான் போலிருக்கிறது. முழங்கால் ஆட்டம் நின்றிருந்தது. எட்டு மாதத்தில் முதல்முறை.

மணி ஐந்து அடித்ததும் அட்டையை எடுத்தான். முதல் சாயல். ஒன்று.

தன்னைக் கழித்தால் சுழியம்.

அறையில் யாரும் இல்லை. முன்பு இரண்டு முறையும் நீர்தான் கெட்டிருந்தது; காலையில் இப்படிப் புது நீர் கலக்கினால் போதும். பேச்சு நடக்கும். பிள்ளை வீட்டுக்கு வருவாள். சின்னக் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்றுகூட யோசித்துவிட்டான்.

போன் அடித்தது. பொத்தானை அழுத்தி மேசைமேல் வைத்தான். ஸ்பீக்கரில் மகள்.

“அப்பா! எப்பப்பா வருவ?”

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமப் பார்த்தான். செருமுவதற்கும் காற்று வேண்டும்.

“அப்பா, நீ மூச்சு விடுற சத்தம் மட்டும் கேக்குது. பேசுப்பா.”

நெஞ்சில் கை வைத்தான். அசைவில்லை. திணறலும் இல்லை. குடுவையை இரண்டு கையாலும் தூக்கி வாய்க்கு நேராக, உதடு படும் அளவு நெருக்கிப் பிடித்தான். ஊதப் பார்த்தான். கண்ணாடி அப்படியே பளிச்சென்று இருந்தது.

அவன் பக்கம்.

மறுபக்கம் ஆவி படர்ந்தது. சுருங்கியது. படர்ந்தது.

“அப்பா?”

“இதோ கிளம்பிட்டேன்டா கண்ணு,” என்றது அவன் குரல், குடுவைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “பாட்டிகிட்ட சொல்லி, கதவைத் திறந்து வை.”

ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணாடி ஒருமுறை மங்கித் தெளிந்தது.