பத்தே காலுக்கு ஓடிய கணிப்பு

போன் அலறியது.

மீட்டிங் ஹாலில் இருபது பேர். லேப் டைரக்டர் தன் புதிய தடுப்பூசியைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். எரிச்சலோடு எடுத்தார்.

"என்ன?"

"சார்... உங்க மாப்பிள்ளை... கம்ப்யூட்டர் ரூம்ல... கழுத்துல கேபிள்... உயிர் இல்ல சார்."

டைரக்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நன்றாகவே பிடித்தார். காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்ததாயிற்றே!

ஒன்பதரைக்கு அந்தக் கேபிளை இறுக்கியவரே அவர்தான்.

காரணம், ஒரு பெப்டைட். வைரஸ் புரதத்தின் சின்னத் துண்டு. எந்தத் துண்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் என்று கம்ப்யூட்டர் கணித்துச் சொல்லும். அப்படி ஒன்றைப் பொறுக்கி, 'இதுதான் தடுப்பூசி' என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தார். அதே லேபில் வேலை பார்த்த மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி புருஷன், அதில் மண்ணைப் போட்டான்.

"மச்சான், அந்தத் துண்டு மனுஷனோட இதயத் தசைப் புரதம் மாதிரியே இருக்கு. ஊசி போட்டா உடம்பு தன் இதயத்தையே தாக்கும். மீட்டிங்ல நானே எழுந்து சொல்லிடுவேன்."

சொல்ல விடவில்லை.

செத்தவனின் கம்ப்யூட்டரில் ஒரு கணிப்பு வேலையைக் கொடுத்து, பத்தே காலுக்குத் தொடங்கும்படி நேரம் வைத்தார். நேரம் வைத்த தடத்தை அழித்தார். ஆக, பத்தே காலுக்கு மாப்பிள்ளை உயிரோடு இருந்தான்... பத்து மணியிலிருந்து டைரக்டர் இருபது பேர் நடுவில்!

யார் அசைக்க முடியும்?

அரை மணியில் போலீஸ் வந்தது. கம்ப்யூட்டர் ரூம் வாசலில் பெண் இன்ஸ்பெக்டர் டைரக்டரை வழிமறித்தார். பக்கத்தில் தங்கச்சி. அவளுக்கும் அதே லேபில்தான் வேலை. அழுது வீங்கிய கண்களால் அண்ணனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

"கடைசியா எப்ப இங்க வந்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நேத்து. இன்னிக்கு எட்டிக்கூடப் பார்க்கல."

"அப்ப, கம்ப்யூட்டர்ல என்ன ஓடுச்சுன்னு..."

"எனக்கெப்படித் தெரியும்? வீட்ல புருஷன் பொண்டாட்டிக்குள்ள தினம் சண்டை. இவளை விசாரிங்க."

தங்கச்சி பல்லைக் கடித்தாள்.

"புருஷனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறேன். என்மேலயே பழியா? நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

"வாயை மூடு. கூடப் பிறந்தவளாச்சேன்னு பார்க்கறேன்..."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "பத்தே காலுக்கு அவர் ஏதோ வேலை ஓட்டியிருக்கார். அப்ப உயிரோட இருந்திருக்கணும்."

டைரக்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"என்ன வேலைம்மா அது?" என்று தங்கச்சியிடம் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"புரதத்தைத் துண்டு துண்டா வெட்டிக் கணிக்கிறது மேடம்," என்றாள் தங்கச்சி. "ஒரு அமினோ அமிலத்துக்கு ஒரு எழுத்து. துண்டுக்குப் பதினொரு எழுத்துன்னு போட்டிருக்கார்."

டைரக்டரின் உதடு துடித்தது. இருபது வருஷமாக இந்தத் தப்புக்காக மாணவர்களை நிற்க வைத்துத் திட்டியவர். நாக்கு சும்மா இருக்குமா?

"பதினொண்ணா? அறிவிருக்கா உனக்கு? எதிர்ப்பைத் தூண்டி விடற ஹெல்பர் செல்லுக்கு எந்த மடையனாவது பதினொண்ணு போடுவானா? பதினஞ்சுதான் போட்டிருக்கு!"

இன்ஸ்பெக்டர் டைரக்டர் பக்கம் திரும்பினார்.

"ஹெல்பர் செல்லுன்னு நான் சொல்லவே இல்லையே அண்ணா." தங்கச்சியின் குரல் நடுங்கவில்லை. "அவர் பார்க்கிறது, வைரஸ் புகுந்த செல்லைக் கொல்ற கில்லர் செல்லுக்கு. எப்பவும் ஒன்பது எழுத்துதான். பதினஞ்சு உன் கைப்பழக்கம். ஸ்க்ரீன்ல பதினஞ்சைப் பார்த்ததுமே ஓட்டினது நீதான்னு புரிஞ்சுபோச்சு. உன் வாயால வரட்டும்னுதான் தப்பாச் சொன்னேன்."

"நான்... சும்மா ஒரு ஊகத்துல..."

"இதயத் தசை பத்தி அவர் எழுதி வச்ச ரிப்போர்ட் இப்ப மீட்டிங்ல இருந்த இருபது பேர் கையிலயும் இருக்கு. நான்தான் அனுப்பினேன். உன் தடுப்பூசியும் செத்துப்போச்சு."

 டைரக்டரின் கையில் விலங்கு பூட்டிக்கொண்டது.

"எங்க லாக்கப் எட்டடிக்கு ஆறடின்னு சொல்றாங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "தப்பா இருந்தா உள்ள உட்கார்ந்து நிதானமா அளந்து திருத்துங்க."