தண்ணீர் விழாத அருவி

நடுவீதியில் ஒரு குடும்பம் ஜமக்காளம் விரித்துப் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு இரண்டு பக்கமும் தானோடி வண்டிகள் பறந்தன. தூரத்தில் நேராக மேலே ஏற வருவது போலத் தெரியும். நெருங்கியதும் ஒதுங்கி, இலையில் ஒரு பருக்கைகூட ஆடாதபடி கடந்துபோகும். தவழ்கிற வயதுக் குழந்தை ஒன்று ஜமக்காளத்தை விட்டு நகர்ந்து வீதியின் குறுக்கே போனது. யாரும் அதைத் தூக்க எழுந்திருக்கவில்லை. அதன் அம்மா வடகத்தைக் கடித்துக்கொண்டு வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

ஏழ்கடல் கேளிக்கைப் பூங்காவின் பெருமையே இதுதான். வேலி கிடையாது, நடைபாதை கிடையாது, 'ஓரமாப் போங்க' என்று கத்துகிற காவலாளி கிடையாது. பெயர் வைக்கிற அன்றைக்கே குழந்தையின் மணிக்கட்டுத் தோலுக்குக் கீழே எள்ளளவு தடமணி ஒன்றை வைத்துவிடுகிறார்கள். ஆள் எங்கே இருக்கிறார் என்பதை அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஆள் இல்லாத இடமெல்லாம் வண்டியின் இடம், கணக்கு அவ்வளவுதான். முன்பெல்லாம் வண்டிகளுக்குக் கண் இருந்தது. மழைக்கும் புழுதிக்கும் ஏமாந்துபோகிற கண்ணை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கழற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் வீதியில் அடிபட்டுச் செத்தவர் என்று நாட்டில் ஒருவர்கூட இல்லை. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை என்றும் யாரும் இல்லை. தேடுவது என்ற வேலையே மனிதனுக்கு மறந்துபோயிற்று.

மறந்த வேலையை விளையாட்டாகச் செய்ய நாலு பேர் கிளம்பத்தானே செய்வார்கள்? செங்குட்டுவன் அந்த நாலு பேரில் ஒருவன். சேலத்துப் பால் பண்ணையில் மேற்பார்வையாளன். வாரம் முழுக்கக் கொள்கலன்களின் சூட்டைத் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், கால் தரையில் பாவாது. சிமிழ்வேட்டைக்குக் கிளம்பிவிடுவான்.

விளையாட்டு எளிமையானது. யாரோ ஒருவர் ஒரு சிறு சிமிழை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டு ஒரு துப்பை மட்டும் வெளியிடுவார். சிமிழுக்குத் தடமணி கிடையாது, எந்தத் திரையிலும் தெரியாது. நடந்து, குனிந்து, கையை விட்டுத் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்னப் பொருளை எடுத்துக்கொண்டு நம்முடையது ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். ஆனால் இதிலும் குறுக்குவழிக்காரர்கள் உண்டு. தேர்ந்த வேட்டைக்காரரின் புள்ளி திரையில் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து, நோகாமல் பின்னாலேயே வந்து எடுத்துக்கொள்வார்கள். அதற்காக வேட்டைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. சிமிழை நெருங்கும்போது, கடைசி நூறடிக்கு மட்டும், உலோக இழை நெய்த மறைப்பட்டை ஒன்றை மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். புள்ளி அணைந்துவிடும். சட்டப்படி அது குற்றம். வேட்டைக்காரர்களிடம் கேட்டால், வண்டி ஓடாத இடத்தில்தானே கட்டுகிறோம் என்பார்கள்.

மகள் மகிழுக்கு ஒன்பது வயது. செங்குட்டுவனின் கூட்டாளி அவள்தான். ஏற்காட்டுப் பாறை இடுக்கிலும் பழைய ரயில் நிலையத்திலும் அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறான். அவளுக்கென்று ஒரு சின்ன மறைப்பட்டையைத் தன் கையாலேயே வெட்டித் தைத்துக் கொடுத்தவனும் அவன்தான். மனைவி வெண்ணிலாவுக்கு அது தெரியாது. அம்மாவிடம் சொல்லாதே என்று அவன் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. ரகசியம் என்றால் மகிழுக்கு உயிர்.

இந்தப் பயணத்துக்காக வெண்ணிலா வருடம் பூராவும் விடுப்பைச் சேர்த்துவைத்திருந்தாள். பூங்காவுக்கு வந்துமா புதரைக் கிளற வேண்டும் என்று கிளம்பும்போதே கேட்டுவிட்டாள். ஒரே ஒரு சிமிழ், அதோடு சரி என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். துப்பும் சின்னதுதான்: 'தண்ணீர் விழாத அருவிக்குப் பின்னால் இருக்கிறேன்.' காலையில் வந்ததும் நீள்வண்டியில் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அதற்கப்புறம் செங்குட்டுவன் மகளைக் கூட்டிக்கொண்டு, நிறுத்திவைத்திருந்த ஒரு செயற்கை நீரூற்றின் பின்னால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். செத்த பல்லி ஒன்றுதான் கிடைத்தது. வெயிலில் நின்று நின்று வெண்ணிலாவுக்குத் தலை வலி வந்துவிட்டது. போதும் என்றாள் அவள். சரி என்றான் அவன். மகிழ் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவ அம்மாவும் மகளும் போனார்கள். செங்குட்டுவன் மர நிழலில் காலை நீட்டிப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் வெண்ணிலா மட்டும் திரும்பி வந்தாள்.

"மகிழ் இங்க வந்தாளாங்க? கழுவிட்டு அப்பாகிட்டப் போறேன்னா."

வரவில்லை. அதற்காக இருவரும் பதறிவிடவில்லை. பதறுகிற பழக்கம் யாருக்கு இருக்கிறது? வெண்ணிலா கைத்திரையை எடுத்துப் பார்த்தாள். மர நிழலில் இரண்டு புள்ளிகள் இருந்தன. மூன்றாவதைக் காணவில்லை. திரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

பூங்காவின் உதவிக் கூடத்தில் ரோஸ்லின் என்ற இளம்பெண் இருந்தாள். நல்ல பெண், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். சுவர் அளவுக்கு இருந்த பெரிய திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, பாப்பா வெளியே போய்விட்டாள் என்று தெளிவாகச் சொன்னாள். உள்ளே இருக்கிறவர் புள்ளி அணையாது. இங்கே எந்தத் திரையும் வாசல் வரைக்கும்தான் காட்டும், அணைந்தால் வாசலைத் தாண்டிவிட்டார் என்றுதான் பொருள். வாசல் ஆட்களுக்குச் செய்தியும் அனுப்பினாள். உள்ளே நாலு பேரை அனுப்பித் தேடச் சொல்லுங்கள் என்று வெண்ணிலா கேட்டபோது ரோஸ்லினுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. தேடுவதென்றால் திரையைப் பார்ப்பதுதானே, அதைத்தான் பார்த்தாகிவிட்டதே என்றாள்.

புள்ளி ஏன் அணைந்தது என்று அந்தக் கூடத்தில் செங்குட்டுவனுக்கு மட்டும்தான் தெரியும். கடைசி நூறடிக்கு மட்டும்தான் கட்ட வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். ஆனால் இன்றைக்கு அவள் ஏமாற்ற நினைத்தது குறுக்குவழிக்காரர்களை அல்ல, அப்பாவை. சிமிழை எடுத்துக்கொண்டுவந்து முன்னால் நீட்டி அசத்த வேண்டும். அவன் திரையில் தன் புள்ளி தெரிந்துவிடக் கூடாதென்று கை கழுவிய இடத்திலேயே கட்டிக்கொண்டிருப்பாள். அந்த நடுவீதியை எப்படித்தான் கடந்தாளோ.

சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் வாய் வரவில்லை. வெண்ணிலா பக்கத்தில் நிற்கிறாள். சொன்னால் என்ன ஆகும், எத்தனை நாளைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டாள் என்றெல்லாம் அந்த நேரத்திலும் அவன் மனசு கணக்குப் போட்டது. வாசலிலிருந்து பதில் வரட்டும் என்று சும்மா நின்றான். வாசலில் குழந்தை இல்லை என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் சொன்னான்.

வெண்ணிலா கத்தவில்லை. "அவளுக்கும் கட்டிப் பழக்குனீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ரோஸ்லினின் முகம் வெளிறிப்போயிற்று. வண்டிகளையெல்லாம் உடனே நிறுத்தச் சொன்னான் செங்குட்டுவன். அவள் கையைப் பிசைந்தாள்.

"நிறுத்துற பொத்தான் எங்ககிட்ட இல்லைங்க சார். ஆள் இருந்தா அதுவே வழி விட்டுரும். இது வரைக்கும் யாரும் நிறுத்தச் சொன்னதே இல்ல."

தலைமையகத்துக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, இந்தப் பூங்காவில் தண்ணீர் விழாத அருவி எங்கே இருக்கிறது என்று கேட்டான். அவள் யோசிக்கக்கூட இல்லை. மலைக் கணவாயில், சுவரில் பெரிதாக ஓர் அருவி வரைந்திருக்கிறதே என்றாள். காலையில் நீள்வண்டி அந்த வழியாகத்தான் வந்தது. மகிழ் கழுத்தைத் திருப்பித் திருப்பி எதையோ பார்த்ததும், அவள் ஏதோ சொல்ல வந்தபோது, இரு கண்ணு, அப்பா யோசிச்சுட்டு இருக்கேன் என்று தான் அடக்கியதும் அவனுக்கு நினைவுக்கு வந்தன. ஓடினான். வெண்ணிலா பின்னால் ஓடி வந்தாள், கணவாய்க்கு வெகு முன்பே பின்தங்கிவிட்டாள்.

வீதியில் அவன் ஓட ஓட வண்டிகள் விலகி வழி விட்டன. ஒவ்வொரு முறை ஒன்று விலகும்போதும், அவளுக்கு இது விலகியிருக்காதே என்றுதான் நினைத்தான்.

கணவாய் என்பது சிமெண்டில் செய்த இரண்டு குன்றுகளுக்கு நடுவே வளைந்து இறங்குகிற ஒரு பாதை. இரண்டு வண்டி அகலம்தான் இருக்கும். வளைவைத் தாண்டியதும் இடது சுவரில் நீலமும் வெள்ளையுமாக அருவி தெரிந்தது. அதன் அடியில், சுவரை ஒட்டி, மகிழ் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையை இடுக்குக்குள் தோள் வரைக்கும் விட்டிருந்தாள். முழுசாக இருந்தாள். செங்குட்டுவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளைத் திட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது.

காலடி கேட்டு அவள் திரும்பினாள். கையில் தகரச் சிமிழ் இருந்தது.

"அப்பா, நீ தேடுன எடமே தப்பு. இங்க பாரு."

பட்டையைக் கழற்று, பட்டையைக் கழற்று என்று அவன் கத்தினான். மூச்சிரைப்பில் அது அவளுக்கு எப்படிக் கேட்டதோ, பாராட்டுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். சிமிழைத் திறந்து காட்டுவதில்தான் அவள் கவனம் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவனுக்குப் பின்னால், மேட்டிலிருந்து, நீள்வண்டி இறங்குகிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தான். நாலு பெட்டி நிறைய ஆட்கள். வளைவில் திரும்பும்போது வண்டியின் மூக்கு நேராக மகிழைக் குறிவைத்து வருவது போலத்தான் தெரிந்தது. ஓடிப்போய் அவளைத் தூக்க நேரம் இல்லை. இதற்கு அவள் தெரியமாட்டாள், நான் தெரிவேன் என்று நினைத்தான். பாதை குறுகல், என்னைத் தாண்டிப் போக முடியாது, நின்றுதான் ஆக வேண்டும் என்று நினைத்தான். நினைத்ததென்ன, அதற்கெல்லாம் நேரம் ஏது, கால் முந்திக்கொண்டது. வண்டிக்கு நேர் எதிரே போய்க் கையை விரித்து நின்றான்.

தன் உயிர் போனாலும் போகட்டும் என்றுதான் நின்றான். அதில் பொய் இல்லை.

வண்டிக்கு ஓர் ஆள் தெரிந்தான். அவனுக்கும் இடது சுவருக்கும் நடுவே இடம் காலியாக இருந்தது. வண்டி வேகத்தைக் குறைக்கவில்லை, குறைத்தால் உள்ளே இருப்பவர்கள் குலுங்குவார்கள். அவன் சட்டை நுனிகூட உரசாதபடி, மிக நேர்த்தியாக, இடது பக்கமாக ஒதுங்கிப் போனது.

விசாரணை பூங்கா அலுவலகத்திலேயே நடந்தது. மாவட்டத்திலிருந்து வந்த ஆய்வாளர் வயதானவர், பெயர் ஞானப்பிரகாசம். நல்ல மனிதர், இருவரையும் உட்காரவைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். வண்டியின் பதிவில் விபத்து என்று எதுவும் இல்லை. 'ஓர் ஆளுக்கு வழி விடப்பட்டது' என்று இருந்தது. அதற்கு அடுத்த நொடியில் 'பாதையோரத்தில் ஏதோ பொருள்' என்று இருந்தது. தடமணிப் பதிவின்படி அந்த நேரத்தில், வண்டிக்குள் இருந்தவர்களைத் தவிர, கணவாயில் இருந்தது ஒரே ஆள். ஆகவே இறப்புச் சான்றிதழில் எந்த இடம் என்று போடுவது என்பதில் சிக்கல் இருப்பதாகச் சொன்னார். மறைப்பட்டையைத் தயாரிப்பதற்கே தடை கொண்டுவரப்போகிறார்கள் என்றும் சொன்னார்.

வண்டிக்குத் திரும்பக் கண் வைக்கமாட்டீர்களா என்று செங்குட்டுவன் கேட்டான். இத்தனை வருடமாகத் தேவைப்படவில்லையே என்றார் அவர். அமைப்பில் ஒரு பிழையும் இல்லை, அது செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, உங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்று ஆறுதலாகவே சொன்னார்.

வெண்ணிலா நிமிர்ந்தாள்.

"இவர் அங்க போய் நிக்கலைன்னா வண்டி எந்தப் பக்கம் போயிருக்கும்?"

ஆய்வாளர் செங்குட்டுவனை ஒரு முறை பார்த்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லியே பழகியவர். திரையில் கணவாயின் படத்தை வரவழைத்து, அந்த வண்டி தினமும் போகிற தடத்தை விரலால் காட்டினார். அது முழுக்க வலது சுவரை ஒட்டியே போயிற்று. அருவி வரைந்திருந்த பக்கம் அது எப்போதும் வந்ததே இல்லை.

செங்குட்டுவன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினான்.

"என்னைப் பாத்தா நின்னுரும்னு நெனச்சேன் நிலா."

"அது உங்கள மட்டுந்தாங்க பாத்துச்சு" என்றாள் வெண்ணிலா.