பன்னிரண்டு கம்பிகளையும் தளர்த்தியது நான்தான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்தது தப்புதான். ஆனால் அன்று காலையில் எனக்கு அப்படித் தோன்றவே இல்லை.

எங்கள் ஊர் கவுஞ்சி. கொடைக்கானலைத் தாண்டி, மலையைப் படிப்படியாக வெட்டிப் பூண்டும் கேரட்டும் போடுகிற ஊர். என் அப்பா யோகராஜுக்கும் விவசாயம்தான். ஆனால் ஊரில் எல்லோரும் அவரை 'கிட்டார் யோகராஜ்' என்றுதான் சொல்வார்கள்.

அப்பாவுக்கு இடது கைப் பழக்கம். கடையில் இருக்கிற கிட்டார்கள் பெரும்பாலும் வலது கைக்காரர்களுக்கானவை. அது போதாதென்று, எங்கள் ஊர்ப் பனியில் மரக் கிட்டார் ஊறி ஊறி ஒட்டு விட்டுவிடும். இரண்டு கிட்டார்கள் அப்படியே போய்விட்டன. அதனால் அப்பா தன் கையைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து பெங்களூருக்கு அனுப்பினார். அந்த அளவுக்கே ஒரு கிட்டார் செய்து வந்தது. மரமே கிடையாது, முழுக்கக் கார்பன் ஃபைபர். கருகருவென்று மின்னும். இரண்டிரண்டாக ஆறு ஜோடி, மொத்தம் பன்னிரண்டு கம்பிகள். ஒருவர் வாசித்தாலே இரண்டு பேர் வாசிப்பது போலக் கேட்கும்.

"இத பனி ஒண்ணும் பண்ணாது ஜெயா" என்று அப்பா நூறு தடவை சொன்னார். அம்மா நம்பினால்தானே? மரக் கிட்டாரைப் போர்த்திய பழக்கத்தில் இதையும் கம்பளியால் போர்த்தித்தான் வைப்பார். வீட்டில் நல்ல கம்பளி ஒன்றே ஒன்றுதான். நான் நடுங்கினாலும் கிட்டார் நடுங்கக் கூடாது!

போன ஆடி மாதம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்கும்போது, வேன் கதவில் அப்பாவின் வலது கை நசுங்கிவிட்டது. காயம் ஆறியது. இரண்டு விரல்கள் மட்டும் மடங்கவே இல்லை. இடது கை எவ்வளவுதான் மீட்டினாலும், வலது கை கம்பிகளை அழுத்தினால்தானே பாட்டு வரும்?

அதன்பிறகு அப்பா கிட்டாரைத் தொடவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாடுவதையும் விட்டுவிட்டார். பல் விளக்கும்போதுகூடப் பாடுகிற மனிதர்! எட்டு மாதமாக வீடே வெறிச்சென்று இருந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "பழனியில உஸாமான்னு ஒரு தம்பி. அதுக்கும் இடது கைதான். கிட்டார அதுக்குக் குடுத்துர்றேன். இங்க சும்மாதான கெடக்கு."

கிட்டாரும் போய்விட்டால் அப்பா இனிமேல் பாடவே மாட்டார் என்று பயந்தேன்.

சனிக்கிழமை அப்பா வெள்ளனே எழுந்து பூண்டு வயலுக்குக் கிளம்பினார். "அந்தத் தம்பி வந்தா எடுத்துக் குடுத்துரு ஜெயா. என்னையக் கூப்பிட வேணாம்."

அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் கம்பளியை விலக்கி, கிட்டாரின் தலையில் கம்பிகளை முறுக்குகிற பன்னிரண்டு சாவிகளையும் திருப்பிவிட்டேன். கம்பிகள் தொளதொளவென்று தளர்ந்தன. கெட்டுப்போன கிட்டார் என்று நினைத்து வந்தவர் திரும்பிப் போய்விடுவார். அதுதான் என் திட்டம்.

உஸாமா பஸ்ஸிலிருந்து இறங்கினார். கல்லூரியில் படிக்கிற ஒல்லியான அண்ணன். மலை வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். அம்மா கொடுத்த எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தார். பிறகு கிட்டாரைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது.

"இடது கைக்குன்னே செஞ்ச பன்னெண்டு கம்பி! இப்பத்தாங்க்கா நேர்ல பாக்குறேன்" என்றார். ஆசையோடு மீட்டினார். தகர டப்பாவைத் தட்டியது போல 'டொய்ங்' என்றது.

இரண்டு சாவிகளை லேசாக முறுக்கிப் பார்த்துவிட்டு, பயந்து நிறுத்திவிட்டார்.

"ஆறு கம்பின்னா எனக்குச் சுருதி சேக்கத் தெரியும். இது வேற மாதிரி. தெரியாம முறுக்கி அறுந்துருச்சுன்னா என்ன பண்றது? ரொம்ப நாள் சும்மா கெடந்து கெட்டுப்போச்சு போல. பரவால்லக்கா, நான் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்புறேன்."

கம்பளியை அவரே எடுத்துக் கிட்டாரைப் போர்த்தினார். தூங்குகிற பிள்ளையைப் போர்த்துவது போல அவ்வளவு மெதுவாக.

என் திட்டம் பலித்துவிட்டது. ஆனால் எனக்குச் சந்தோஷமே வரவில்லை. கெட்டுப்போச்சா? எங்கள் அப்பாவின் கிட்டாரா? இனி அது இந்த மூலையிலேயே கிடக்கும். அப்பா எட்டு மாதமாகப் போவது போலவே, முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைத் தாண்டிப் போவார். இதற்காகவா இவ்வளவும் செய்தேன்?

"அண்ணே, அது கெடல" என்றேன். "நான்தான் எல்லாக் கம்பியையும் தளத்திவிட்டேன்."

"அடிப்பாவி!" என்றார் அம்மா.

உஸாமா அண்ணன் கோபப்படவில்லை. "ஏம்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இருங்கண்ணே, வெரசா வந்துர்றேன்!" என்று வயலுக்கு ஓடினேன்.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். "நீங்க கம்பியத் தட்டுங்கப்பா, நான் சாவியத் திருப்புறேன். உங்க வெரல் அழுத்தவே வேணாம். தொளதொளன்னு கெடக்குறத அப்படியே விட்டுற முடியுமா?"

அப்பா என்னையே பார்த்தார். "எத்தன கம்பியத் தளத்துன?"

"பன்னெண்டும்."

"ஒண்ணாச்சும் விட்டுவைக்கக் கூடாதா சுபா?" என்றவர், வாய்க்காலில் கை கழுவிக்கொண்டு என்னோடு நடந்தார்.

கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார். இடது கையால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார். "கூட்டு... இன்னும் கொஞ்சம்... போதும்." நான் திருப்பினேன். உஸாமா அண்ணன் எல்லாவற்றையும் போனில் பதிந்துகொண்டார். பன்னிரண்டும் சேர அரை மணி நேரம் ஆனது.

"தம்பி, என் பக்கத்துல உக்காந்து நீங்க அழுத்துங்க. நான் மீட்டுறேன்" என்றார் அப்பா.

தோளோடு தோள் உரச இரண்டு பேரும் ஒரே கிட்டாரை வாசித்தார்கள். கூக்கால் ஏரியைப் பற்றி அப்பாவே கட்டிய பாட்டு அது. அண்ணனின் விரலை எங்கே வைப்பது என்று அப்பா சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். பாடுவார், இப்போது பாடுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாடவில்லை.

கடைசியில் கிட்டாரின் கழுத்தை இடது கையால் பிடித்து நீட்டினார்.

"வலது கையால குடுங்க" என்ற அம்மா, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தக் கையால் தூக்க முடியாதே!

உஸாமா அண்ணனும் இடது கையையே நீட்டினார். "எங்க ரெண்டு பேருக்கும் இதுதாங்க்கா நல்ல கை" என்று வாங்கிக்கொண்டார்.

பஸ் வளைவில் திரும்பி மறைந்ததும் அப்பா அழுதார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, ரோட்டோரம் நின்றே அழுதார். நான் அவருடைய மடங்காத விரல்களைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லா வாசிப்பான்" என்றார் அப்பா. "வா, சோலி கெடக்கு."

வயலில் இரண்டு பேரும் பூண்டு பிடுங்கினோம். ஒரு பாத்தி முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. மூன்றாவது பாத்தியில் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. நான் நிமிரவே இல்லை. நிமிர்ந்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

கூக்கால் ஏரிப் பாட்டு! குரல் கரகரவென்று இருந்தது. நடுவில் ஒரு வரி மறந்துபோய், முதலிலிருந்து தொடங்கினார்.

மேல் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த இருளாயி அத்தை எட்டிப் பார்த்தார். "ஏப்பா யோகராசு, இங்க ஒண்ணும் கேக்கல. சத்தமாத்தான் பாடேன்!"

அப்பா சத்தமாகப் பாடினார்.