சலவைக்குப் போன மாவு

“ஐயோ... நிறுத்துங்க! அது துணி இல்ல, மாவு!”

அவள் கத்தி முடிப்பதற்குள் இயந்திரம் நாலு சுற்று சுற்றிவிட்டது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் யாருடைய நீலச் சட்டைகளோ வெள்ளைக் கூழில் உருண்டன.

பொத்தானை அமுக்கிவிட்டுத் திரும்பினான் அவன். முழங்கை வரை ஈரம். தூக்கத்தைப் பார்த்தே பல நாளான கண்கள்.

“மாவை யாராவது மூட்டை கட்டி சலவைக் கடையில வைப்பாங்களா?”

“உங்கம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் வெச்சேன். இந்த மழையில என் ரூம்ல பன் மாவு எழும்பவே மாட்டேங்குது. உங்க துணி காயற ரூம்தான் சூடா இருக்கு...”

கல்லாவிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். “சொல்ல மறந்துட்டேன்டா. மாடியில இருக்கிற பொண்ணு. லேப்ல ரத்தம் எடுக்குது. நீ வெளுக்கிற வெள்ளைக் கோட்டெல்லாம் இவளோடதுதான்.”

அவன் முகம் மாறியது. இவளா...? சிவந்து களைத்த அவளுடைய பெரிய கண்களில், இதோ விழப்போகிறேன் என்று ஒரு மழை காத்திருந்தது.

‘கெடுத்ததையும் கெடுத்துட்டு முறைக்கிறதைப் பாரு’ என்று நினைத்தாள் அவள்.

சாயங்காலம் அக்கா வருகிறாள். தங்கை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று பார்க்க. இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ‘நான் பன்னே சுட்டுச் சாப்பிடறேன்க்கா’ என்று போனில் அளந்தாகிவிட்டது. இன்று சுட்டே ஆக வேண்டும்.

“நான் பிசைஞ்சு தரேங்க” என்றான் அவன்.

“வேண்டாம். செஞ்ச உபகாரம் போதும்.”

ஆனால் மைதாவும் பாலும் ஈஸ்டுமாக அவள் திரும்பி வந்தபோது, துணி மடிக்கும் மேசையைப் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தான். பாதி பிசைவதற்குள் அவள் ஓய்ந்துபோனாள். அவன் மாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“உங்க கோட்டுப் பையில எப்பவும் பாதி பிஸ்கட் இருக்கே... மதியச் சாப்பாடே அதுதானா?”

அவளுக்குச் சுருக்கென்றது. “அடுத்தவங்க பையை நோண்டறதுதான் உங்க வேலையா?”

“தண்ணியில போடறதுக்கு முன்னாடி பார்க்கணுமில்லீங்க.”

“அப்போ என் மூட்டையையும் பார்த்திருக்கலாமே!”

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல் சுவரோரம் துணிக்குவியலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தெரியும்...

“ஏங்க... எழுந்திருங்க. மாவு ரெண்டு மடங்காயிடுச்சு. விரலால அழுத்தினா பள்ளம் அப்படியே நிக்குது.”

விழித்தாள். மேலே வெதுவெதுப்பாக ஒரு போர்வை. “இதெல்லாம் யார் சொன்னா?”

“தூக்கத்துல நீங்கதான் சொன்னீங்க. ரெண்டு தடவை திட்டவும் செஞ்சீங்க.”

மாடியில் அவள் அறையில் பன்கள் பொன்னிறமாக வெந்து இறங்கவும், குடையை உதறிக்கொண்டு அக்கா வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஒரு பன்னைப் பிட்டு வாயில் போட்டவள், “யார் பிசைஞ்சதுடீ? உனக்கு இவ்வளவு மெத்துன்னு பிசைய வராதே” என்றாள். மறைக்க வழியில்லை; சலவைக் கடைக்காரனைச் சொல்லிவிட்டாள். தட்டோடு இருவரும் கீழே இறங்கினார்கள்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. “நீங்களே சொல்லுங்க தம்பி. இவ நேரத்துக்குச் சாப்பிடறாளா?”

அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். சொல்லிவிடுவானோ...

அவன் தலை குனிந்தான். “இல்லீங்க.”

போச்சு. எல்லாம் போச்சு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆனா, இனிமே சாப்பிடுவாங்க. ஒரு மணிக்கு அம்மா எனக்குச் சாப்பாடு போடுவாங்க. ரெண்டு தட்டா வைக்கச் சொல்றேன்... அவங்களுக்கு இஷ்டமிருந்தா.” குரல் இறங்கியது. “ஒவ்வொரு தடவையும் அந்தப் பாதி பிஸ்கட்டைப் பார்த்துட்டு, முகமே தெரியாத ஒருத்தருக்காகக் கவலைப்பட்டுக்கிட்டிருந்தேன். இன்னைக்கு முகமும் தெரிஞ்சுபோச்சு... இனிமே எப்படிங்க சும்மா இருக்கிறது?”

கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“என்னடீ, பெட்டி கட்டணுமா வேண்டாமா?” என்றாள் அக்கா.

அவள் அக்காவைப் பார்க்கவில்லை. ஒரு பன்னை இரண்டாகப் பிட்டாள். ஆவி பறந்த பெரிய பாதியை அவன் கையில் வைத்தாள்.

“ஒரு மணிக்கு லேப்ல விட மாட்டாங்க... ஒன்றரைக்கு வந்தா, காத்திருப்பீங்களா?”