நன்றிப்பட்டை

அன்றும் நன்கொடையாளர்களின் வண்டி வளைவில் திரும்பியதும் யானைகள் வந்து நின்றன. முன்னால் மூத்த பெண் யானை.

"நாம குடுத்ததுக்கு நன்றி சொல்ல வந்திருக்கு" என்றார் ஒருவர், கண் கலங்க.

வழிகாட்டியாக வந்த வனக்காப்பாளர் செவந்திக்கு அது உறுத்தியது. பதினாறு வருடம் இந்தக் காட்டில் நடந்தவள் அவள். யானை நேரம் பார்த்து வந்து நிற்பதை முன்பெல்லாம் கண்டதேயில்லை.

சந்தேகம் நன்றிப்பட்டையின் மேல் விழுந்தது. வனப்பூங்காவுக்கு நன்கொடை தந்தவர்களின் கையில் நிர்வாகம் கட்டிவிடும் பட்டை அது. காட்டோடு மனதை இணைக்கும் என்பார்கள். செவந்தி ஒன்றை எடுத்து, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் தாழொலிமானியின் அருகில் வைத்தாள். திரையில் ஓடிய கோடு அவளுக்குப் பழக்கமானது.

நேரே இயக்குநர் தணிகாசலத்திடம் போனாள். "சார், இது தொலைஞ்சுபோன குட்டி தாயைக் கூப்பிடுற சத்தம்."

அவர் மறுக்கவில்லை. கோடையில் வற்றாத குட்டைகளும், வேட்டைக்காரர்களைக் காட்டிக்கொடுக்கும் காவல்விழிக் கேமராக்களும் யாரால் வந்தவை என்று கேட்டார். யானையைப் பார்க்காமல் திரும்புகிறவர் மறுபடி கொடுப்பாரா என்றும் கேட்டார். குட்டைகளில் தண்ணீர் இருந்தது உண்மைதான்.

நாளாக ஆக யானைகள் வரத் தாமதித்தன. சில நாள் வரவேயில்லை. பட்டைகளில் ஒலியைக் கூட்டினார்கள்.

ஆவணியில் ஒரு காலை, பாதையோரப் பள்ளத்தில் நிஜமாகவே ஒரு குட்டி விழுந்தது. செவந்தியின் தாழொலிமானியில் கோடு துள்ளியது. கூட்டம் பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருந்தது. மூத்த யானை காதை விரித்தது. பாதையில் நின்ற வண்டியைப் பார்த்தது. பிறகு திரும்பி நடந்தது. குட்டியின் தாய் மட்டும் சற்றுத் தயங்கியது; பிறகு அதுவும் போய்விட்டது.

செவந்தியும் காவலர்களும் கயிறு கட்டிக் குட்டியை மேலே இழுத்தார்கள். மூன்று நாள் காட்டோரம் நிறுத்திப் பார்த்தும் கூட்டம் திரும்பவில்லை.

செய்தி பரவியதும் நன்கொடை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு வந்தது. இரண்டே மாதத்தில் குட்டிக்கென்று ஒரு காப்பகம் எழுந்தது. பார்வையாளர்கள் தொடலாம், பால் புகட்டலாம். திறப்பு நாளில் வந்தவர்களுக்குப் புதிய பட்டைகளைக் கட்டிவிடும் வேலை செவந்திக்கு. இதில் என்ன ஒலி என்று கேட்டாள்.

"தாயோட குரல்" என்றார் தணிகாசலம்.

கதவைத் திறந்ததும் குட்டி ஓடி வந்தது. நீட்டிய கைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து, விட்டுவிட்டு, அடுத்த கைக்குப் போய்க்கொண்டே இருந்தது.